எட்டாவது பாட்டின் சொற்கள்

பிப்ரவரி 4, புதன்

அந்தப் பெண் இன்றும் வந்தாள். மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, அவள் போகும்வரை மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டேன். இன்று மழை கொட்டியது. இவர் (என் வீட்டுக்காரர் மிக்கேல்) காளான் பண்ணை வேலை முடிந்து அப்போதுதான் வந்தவர், "ஸ்டெல்லா, அந்தப் பிள்ள நனையுது, கேட்டியா" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். அவருக்கு எப்போதும் நல்ல பெயர். எனக்கு எப்போதும் கெட்ட பெயர்.

பெயர் நீவ். என் மகன் அஜினின் பாட்டுக் குழுவில் கிதார் வாசிக்கிறவள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கோர்க்கிற இடத்தில் ஒரு வளையம் போட்டிருக்கிறாள். டீ கொடுத்தேன். சீனி வேண்டாமாம். அவள் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

குழுவின் பெயர் டர்லோ. மழைக்காலத்தில் வயலில் தானாக ஊறி வந்து கோடையில் தானாக வற்றிப்போகும் ஏரிக்கு இந்த அயர்லாந்தில் அப்படித்தான் பெயராம். இது அவர்களுடைய முதல் ஆல்பம். எட்டுப் பாட்டு. எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்று ஒரு வகைச் சங்கீதம் என்றாள். சங்கீதம் என்று அவள்தான் சொன்னாள், நான் சொல்லவில்லை.

"இந்த மாதிரிப் பாட்டுல வார்த்தை காதுல பிடிபடாது. அதனால ஆல்பத்தோட ஒரு சின்னப் புத்தகம் போடுவோம். கேக்குறவங்க அதை மடியில வச்சுக்கிட்டு வரிவரியாப் படிப்பாங்க. ஏழு பாட்டோட வரிகள் அஜின் நோட்டுல இருக்கு. எட்டாவது மட்டும் தமிழ். அவன் எழுதியே வைக்கல. உங்களைத் தவிர யாரையும் கேக்க முடியாது."

ஜனவரி ஒன்பதாம் தேதி நாலு மணி வாக்கில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக நின்று அதைப் பாடியிருக்கிறான். எப்போதும் அப்படித்தானாம், பாடும்போது யாரும் பார்க்கக்கூடாதாம். அன்று சாயந்தரம் ஐந்து மணிக்கு லாக்ரே சாலையில் உறைபனியில் கார் வழுக்கி என் மகன் செத்துப்போனான். இருபத்துமூன்று வயது. அந்தச் சாலை பத்து ஊருக்குப் போகிறது. எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று யாருக்கும் தெரியாது.

அவன் குரல் மட்டும் தனியாக இருக்கிற பதிவை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். "பாட்டு முடிஞ்சதும் கொஞ்சம் குப்பை இருக்கும். இருமல், முணுமுணுப்பு. அதை வெட்டிடுவோம், நீங்க கண்டுக்காதீங்க."

என்னால் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஃப்ரிட்ஜ் மேல் தூசி துடைத்தேன். கிறிஸ்துமஸுக்குச் செய்த முந்திரிக்கொத்துப் பலகார டப்பா இன்னும் அங்கேயே இருக்கிறது. இருக்கட்டும், இந்தக் குளிரில் கெடாது.

பிப்ரவரி 5, வியாழன்

இல்லை என்று சொன்னது நல்லதுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசைக்குப் போனேன். எல்லாரும் என் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். அக்டோபரில் அஜினின் போஸ்டரைக் காட்டிச் சிரித்தவர்களும் இன்று கையைப் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து கைகழுவினேன்.

சாப்பிடும்போது இவர் கேட்டார், "நீ கேக்காட்டா அந்தப் பாட்ட வேற ஆரு கேப்பா?"

"நீங்க கேளுங்க."

"எனக்குப் பாதிக் காது. மிஷினுக்குப் பக்கத்துல நின்னு நின்னு போச்சு. ஒனக்குத்தான் காது."

அதனால் கேட்டேன். ஒன்பது நொடி. ஆட்டுரலில் வெறும் கல்லைப் போட்டு ஆட்டினாற்போல் ஒரு சத்தம். கோயில் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய தொண்டை அது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் கழுவினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

டோனலுக்கு இன்று காலையிலிருந்து ஒரே கோபம். நான் நர்ஸாக இருக்கிற முதியோர் இல்லத்தில் பதினோராம் அறை. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, நாக்கு அசையாது. வருவதெல்லாம் தொண்டையிலிருந்து ஒரு உறுமல். புது நர்ஸ் பயந்து ஓடிவந்தாள். போய் நின்று கேட்டேன். "டீ ஆறிப்போச்சு" என்கிறார், வேறொன்றும் இல்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவள் வாயைப் பிளந்தாள். வாயைப் பார்க்காதே, மூச்சைக் கேள், எங்கே இழுக்கிறார் எங்கே விடுகிறார் என்று பார் என்றேன். பதினெட்டு வருஷம் நாகர்கோவிலிலும் ஒன்பது வருஷம் இங்கேயும் நான் செய்கிற வேலை இதுதான்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் காரில் உட்கார்ந்து அஜினை அதே மாதிரி கேட்டுப் பார்த்தேன். மூச்சை மட்டும்.

ஒரு வார்த்தை கிடைத்தது. தொப்பி.

மூன்று முறை திருப்பிப் போட்டேன். சாத்தான், சாவு, ரத்தம் என்று எதற்கெல்லாமோ மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். தொப்பிதான். "தொப்பி போட்டுட்டுப் போ."

நீவுக்குப் போன் செய்தேன். எழுதித் தருகிறேன், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது என்றேன். மார்ச் பத்தாம் தேதி அச்சுக்குப் போகணும் என்றாள். எல்லாவற்றுக்கும் இவர்களுக்கு ஒரு தேதி.

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

அஜினுக்கு நாற்பத்தொன்றாம் நாளும் இன்றுதான். நெற்றியில் சாம்பலோடு கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் நிற்கவில்லை. இவர் தன் தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்தார்.

அப்புறம் நீவ் எங்களைத் தன் அப்பாவின் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அதுதான் அவர்கள் பாடுகிற இடம். சுவரெல்லாம் பழைய கம்பளமும் மெத்தையும் அடித்திருக்கிறார்கள். அஜினின் மைக் இன்னும் அவன் உயரத்தில் இருக்கிறது, யாரும் இறக்கவில்லை. அவன் கோப்பையில் டீக்கறை. கழுவப் போனேன். நீவ் வேகமாக வந்து வாங்கிக்கொண்டாள், கழுவ விடவில்லை. அப்போதுதான் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது.

வேலைக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லப் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை.

"கேட் வரைக்கும் நடந்து போகணும். அஜின் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடப்பான். மழையில கூட. போனைக் காதுல வச்சுக்கிட்டு அங்கேயே நிப்பான்."

யாரோடு பேசினான் என்று கேட்டேன்.

"பேச மாட்டான். கேட்டுக்கிட்டு மட்டும் நிப்பான்."

இதுவரை பதினான்கு வரி கிடைத்திருக்கிறது. எல்லாம் வீட்டு விஷயம். எல்லா அம்மாவும் சொல்கிறதுதான்.

பிப்ரவரி 25, புதன்

எழுதியதை இன்று ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். அப்படியே இங்கே ஒட்டுகிறேன்.

மக்களே சாப்பிட்டியா
தொப்பி போட்டுட்டுப் போ
பழைய சோத்த ரெண்டு மட்டம் சூடாக்காத
ஜன்னல அடச்சியா
எல்லா பிள்ளையளும் அம்மைக்குப் போன் பண்ணுது
ஒரு வார்த்த சொல்லப்பிடாதா
தொண்ட வலிக்கா, மிளகு போட்டுக் குடி

எல்லா அம்மாவும் சொல்கிறது இல்லை. நான் சொன்னது, அவனை நான் கூப்பிடுகிற 'மக்களே' உட்பட. வேலைக்குக் கிளம்புகிற முன்னால் தினமும் அவனுக்குப் போனில் குரல் பதிவு அனுப்புவேன். இரண்டு வருஷம் அனுப்பினேன். பதில் வராது. கேட்கிறதே இல்லை, சவம், கல்லில் தண்ணி விட்டாற்போல் என்று எங்கள் ஊர் வசவில் அவனைத் திட்டிக்கொண்டே அனுப்புவேன். அந்த வார்த்தைகளை ஒன்றுகூட மாற்றாமல் எடுத்துப் பாட்டாக்கி வைத்திருக்கிறான்.

கேலி பண்ணியிருக்கிறான். அம்மாவின் புலம்பலைப் பேய்க்குரலில் கத்தி, குடித்துவிட்டு ஆடுகிற கூட்டத்துக்குக் காட்டிச் சிரித்திருக்கிறான். நீவுக்குப் போன் போட்டு இனி ஒரு வரியும் தர மாட்டேன் என்று சொல்லப் போனேன். இவர் போனைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தனும் சிரிக்கல்ல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போயிருக்கேன். கால்வே டவுன்ல அவன் பாடும்போ ரெண்டு மட்டம். காதுல பஞ்சு வச்சிட்டுப் பொறத்தால நின்னேன். இந்தப் பாட்டு வரும்போ அந்தப் பயலுவ எல்லாம் கண்ண மூடிட்டு நின்னானுவ. அர்த்தம் தெரியாமலே நின்னானுவ."

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். சூப்பர்மார்க்கெட் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று பால்கூட வாங்கி வந்தாரே என்று கேட்டேன். திரும்பி வரும்போது வாங்கினாராம்.



மார்ச் 3, செவ்வாய்

டோனலுக்கு மருந்து கொடுக்கும்போது என் கழுத்தில் தொங்கின இயர்போனிலிருந்து சத்தம் கசிந்துவிட்டது. நிறுத்த மறந்திருக்கிறேன். மனிதர் தலையைத் திருப்பிக் கேட்டார். பிறகு உறுமினார். "யாரைக் கூப்பிடறான்?"

யாரையும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இருபத்திரண்டு வரி முடிந்தது. இன்னும் ஒரு வரிதான். அது தெளிவாக இல்லை.

அந்த இடம் வரும்போது நிறுத்திவிடுகிறேன். அதற்கு மேல் கேட்டால் தலைவலி வருகிறது.

அக்டோபர் போஸ்டர் விஷயம் இங்கே எழுதவில்லை என்று நினைக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. முகத்தில் ரத்தம்போல் எதையோ பூசிக்கொண்டு அவன் நிற்கிற படம் கோயிலில் எல்லார் போனிலும் சுற்றியது. மருந்தாளுநர் படிப்பைக் கடைசி வருஷத்தில் விட்டுவிட்டான் என்பதும் அதே நாளில்தான் தெரிந்தது. அன்று சாயந்தரம் எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம். வாக்குவாதம் என்றால் இரண்டு பேர் பேச வேண்டும். நான் மட்டும்தான் பேசினேன். கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நீவுக்கு அனுப்பிவிட்டேன். தமிழ் எழுத்தில் இருபத்திரண்டு வரி, பக்கத்தில் அர்த்தம். இருபத்துமூன்றாம் வரிக்குப் புள்ளிகள் வைத்து, "புரியவில்லை" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "ரொம்ப நன்றி ஸ்டெல்லா. அந்த ஒரு வரியை அவன் ஏழு தடவை திரும்பத் திரும்பப் பாடுறான், அதான் கேக்குறேன். பரவாயில்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் வாங்கியிருக்கேன், ஒருவேளை புரிஞ்சா சொல்லுங்க."

புரியாதது புரியாததுதான். வெள்ளிக்கிழமை மட்டும் என்ன புரிந்துவிடும்?

மார்ச் 12, வியாழன்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். இவர் உட்கார்ந்து பேசினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"கடைசி வரி வெளங்கல்லியா ஒனக்கு?"

"வெளங்கல்ல."

"அந்தக் கெழவனுக்கு நாக்கே அசையாது. அவன் சொல்லுதது ஒனக்கு வெளங்கும். பெத்த பிள்ள ஏழு மட்டம் சொல்லுதது வெளங்கல்ல."

"சவத்த விடுங்க. நீங்க என்னத்தக் கண்டிய?"

"நான் அடுப்படில நின்னேன் ஸ்டெல்லா. நீ போனக் கையில வச்சிட்டு அதச் சொல்லும்போ நான் அங்கதான் நின்னேன். வேண்டாம்ணு சொல்ல வாயத் தொறக்கல்ல. ஒனக்கு மட்டும் உள்ள பாவம் இல்ல அது."

நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"அந்த ரோடு பத்து ஊருக்குப் போவும்ணு நீ எல்லாருட்டயும் சொல்லிட்டுத் திரியுத. கார் வழுக்குன அந்த வளைவு தாண்டினா இருக்கப்பட்டது நம்ம வீடு மட்டுந்தான். நானும் ஒங்கிட்டச் சொல்லாம இருக்கேன், நீயும் எங்கிட்டச் சொல்லாம இருக்க."

அவர் அழுதார். பாதிக் காது மனுஷன், சத்தமாகத்தான் அழுவார்.

சரி, எழுதுகிறேன். இந்தப் புத்தகத்திலாவது எழுதுகிறேன். அக்டோபர் முப்பதாம் தேதி என் மகனுக்கு நான் அனுப்பிய கடைசிப் பதிவு இது: "எனக்கு மவன் இல்லன்னு வச்சுக்கிடுதேன். இனி வீட்டுக்கு வராத, கேட்டியா."

அந்த வரியைக் கேட்ட முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. டோனலுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

மார்ச் 13, வெள்ளி

விடுப்புச் சொன்னேன். காலையில் அஜினின் அறையில், கட்டிலில் உட்கார்ந்து, முதலிலிருந்து கேட்டேன். நிறுத்தவில்லை.

ஏழு தடவையும் கேட்டேன். வீட்டுக்கு வராத, வீட்டுக்கு வராத. மூன்றாவது தடவையில் குரல் கிழிகிறது. ஐந்தாவதில் மூச்சு போதவில்லை, பாதியில் இழுக்கிறான். இருபத்தேழு வருஷம் மூச்சைக் கேட்கிறவள் நான். அதில் கேலி இல்லை. பிள்ளை பிரசவ அறையில் முதல் தடவை அழுததும் இப்படித்தான் இருந்தது. ஏழாவதோடு பாட்டு முடிந்துவிட்டது.

பதிவு முடியவில்லை. நான் நிறுத்தவும் இல்லை.

பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம். தண்ணீர் குடிக்கிறான். இருமுகிறான். ஆறு வயதில் ஆஸ்துமா வந்ததிலிருந்து அவன் இருமல் எனக்குத் தெரியும், இரண்டு சின்னது, ஒரு பெரியது. அப்புறம் போனில் குரல் பதிவு தொடங்கும்போது வருமே அந்தச் சின்ன ஒலி. அப்புறம் பேசினான். பேய்க்குரல் இல்லை. என் பிள்ளையின் குரல்.

"அம்மா... கேட்டேன். நீ சொன்னது எல்லாம் கேட்டேன். சாப்பிட்டாச்சு. தொண்ட கொஞ்சம் வலிக்கி. இப்பம் அங்க வாறேன், என்னைய ஏசாத. முந்திரிக்கொத்து வச்சிருப்பேல்லா, அப்பாவத் தின்ன விடாத."

அவ்வளவுதான். கதவு சத்தம். காலடி. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்தக் கொட்டகையில் சிக்னல் கிடையாது. கேட் வரைக்கும் நடந்து போயிருந்தால் எனக்கு வந்திருக்கும். அன்று கேட்டில் நின்று மறுபடி அனுப்பிப் பார்க்காமல் காரில் ஏறிவிட்டான், நேரிலேயே வருகிறோமே என்று. போலீஸ் பையில் போட்டுக் கொடுத்த போன் தூளாகக் கிடந்தது.

ஒரு மாதமாக இது என் கையில் இருந்திருக்கிறது. அந்த வரிக்குப் பயந்து ஒவ்வொரு நாளும் நிறுத்தி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் நீவை அழைத்தேன். இருபத்துமூன்றாம் வரியைச் சொன்னேன். அர்த்தமும் சொன்னேன்.

"இதைப் போட்டுத்தான் ஆகணுமா ஸ்டெல்லா? புள்ளிகளே இருக்கட்டுமே. யாருக்கும் தெரியாது."

"போடு. அவன் பாடியிருக்கிறான்."

"சொற்கள்னு யார் பேரைப் போடறது?"

"சொன்னது நான். பாடினது அவன். அப்படியே போடு."

பின்னால் இருக்கிற முணுமுணுப்பில் ஏதாவது உண்டா, அதையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது பாட்டு இல்லை, எனக்கு வந்தது. "ஆனால் அந்த இடத்தை எடுத்துவிடாதே. அவன் பேசுகிற நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் வெறுமையாக விட்டு வை." சரி என்றாள். காரணம் கேட்கவில்லை. நல்ல பெண்.

சாயந்தரம் இவர் வந்ததும் இயர்போனை நல்ல காதில் மாட்டிவிட்டேன். கேட்டார். மறுபடி கேட்டார். எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்து டப்பாவை இறக்கித் திறந்தார். சிக்கு வாடை குப்பென்று அடித்தது. இரண்டரை மாதம். ஒன்றை எடுத்து வாயருகே கொண்டு போனவரின் கையைத் தட்டிவிட்டேன்.

"தின்னாதிய. ஒங்களத் தின்ன விடப்பிடாதுன்னு சொல்லியிருக்கான்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். தரையில் உட்கார்ந்து, டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு, சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாமல் இருந்தோம்.

மார்ச் 14, சனி

டப்பாவைக் கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்தோம். காக்கையும் வந்தது. சரி, தின்னட்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஆல்பம் இன்று வெளிவந்தது. நீவ் இசைத்தட்டும், அதைப் போடுகிற பெட்டியும் கொண்டுவந்தாள். அட்டை முழுக்கக் கறுப்பு, நடுவில் வற்றிப்போன ஏரி. கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்து கொஞ்சம் கோணலாக அச்சாகியிருக்கிறது, ஆனால் பிழை இல்லை. இருபத்துமூன்று வரியும் இருக்கிறது. யார் படித்தாலும் படிக்கட்டும்.

மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். முதல் ஏழு பாட்டும் எனக்கு இன்னும் ஆட்டுரல்தான். எட்டாவதுக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். ஏழாவது தடவை அவன் கத்தி முடித்ததும் தட்டு சும்மா சுற்றியது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து இவர் ஊசியை எடுக்கப் போனார். கையைக் காட்டி நிறுத்தினேன். அவன் தண்ணீர் குடிக்கிற நேரம், இருமுகிற நேரம், பேசுகிற நேரம், எல்லாம் எனக்கு மனப்பாடம். கதவு சத்தம் வரவேண்டிய இடம் வந்தது.

"வா மக்களே" என்றேன்.